கடித்தவள் முதலில் வருவாள்

கோரைமேடு, திருமானூர் வழி
25.8.2024

அன்புத் தங்கை முத்தமிழுக்கு அக்கா வேணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை குரங்குகளோடு சேர்ந்து தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு பொழுதை ஓட்டுகிறாயா என்று எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திப் பழகிய வாய் உனக்கு. நான் "இந்த வருசம் மழை" என்று ஆரம்பித்தால், மழை எப்படி உண்டாகிறது என்று நீ தொடங்கிவிடுகிறாய். எழுத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதனால் இனிமேல் கடிதம்தான். போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

நல்ல சேதி ஒன்று. என் மகள் வளர்மதி முழுகாமல் இருக்கிறாள். செயங்கொண்டத்திலிருந்து மாப்பிள்ளை சொன்னார். ஆனால் அந்தக் கழுதை, பெற்ற என்னிடம் சொல்வதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு அம்சவள்ளிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். கொல்லைச் சுவரை எட்டிப் பார்த்து அம்சா சிரித்த சிரிப்பிலேயே எனக்கு விசயம் புரிந்துவிட்டது. கோபப்படவும் முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருசம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் எப்போதாவது வருவார். வளர்மதியைப் பெற்றது நான், இடுப்பில் தூக்கி வளர்த்தது அவள்தான்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வழக்கம்போல ஐயனார் கோயிலில் சீட்டுப் போட்டு, யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை பிரித்தாகிவிட்டது. அந்த முறை தப்பாமல் பார்த்துக்கொள்வது இந்த வருசமும் உன் மாமாதான். விடிவதற்குள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

மாமா நலம். உன் நலம் எழுது.

அக்கா வேணி

*

பெரம்பலூர்
5.9.2024

என் அக்காவுக்கு முத்தமிழின் வணக்கம். நான் நல்ல சுகம். இங்கே சின்ன வெங்காயம் மலிவாக இருப்பதால் தினமும் வெங்காயக் குழம்புதான், உடம்பு தேறியிருக்கிறது. வளர்மதி சேதி கேட்டு வகுப்பறையிலேயே சிரித்துவிட்டேன். மாணவர்கள் நான் நாடாப்புழுவைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

சனி ஞாயிறுகளில் என் ஆராய்ச்சிக்காக டவுன் பஸ் ஏறி வாலிகண்டபுரம் போய்விடுகிறேன். ஊர்ப் பெயரிலேயே குரங்கு இருக்கிற ஊர். கோயில் மதிலிலும் குளக்கரையிலும் ஒரு பெரிய கூட்டம் வாழ்கிறது. குடையும் நோட்டுமாக நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பூக்கடைக்காரம்மா எனக்கும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான், அக்கா. நல்லது கெட்டது என்பது மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? சாமி சொல்லியா, சட்டம் சொல்லியா? இல்லை, அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே கூடி வாழ்ந்த உயிர்களிடம் அதற்கு விதை இருந்ததா? இங்கே மின்கம்பியில் கை கருகிப்போன ஒரு பெண் குரங்கு இருக்கிறது. மதிலைத் தாண்ட அதற்கு நேரமாகும். மற்றவை தாண்டிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கின்றன. அது வந்து சேர்ந்ததும் எல்லாம் கிளம்புகின்றன. நோட்டில் நான் "காத்திருந்தன" என்று எழுதக்கூடாது, "ஓய்வெடுத்தன" என்றுதான் எழுத வேண்டும். குரங்கின் மனம் எனக்குத் தெரியாதே. ஆனால் உனக்கு எழுதும்போது காத்திருந்தன என்றே எழுதுகிறேன்.

இன்னொன்று. அவை மணிக்கணக்கில் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கின்றன. அது பேனுக்காக மட்டும் இல்லை. "நீயும் நானும் ஒன்று" என்று சொல்ல அவற்றுக்கு வேறு பேச்சு கிடையாது.

மாமாவுக்கு வணக்கம். அம்சாக்காவைக் கேட்டதாகச் சொல்.

முத்தமிழ்

*

கோரைமேடு
29.9.2024

முத்தமிழுக்கு அக்கா எழுதுவது. இங்கு சுகம். பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே.

ஊரில் ஒரு தகராறு. கடைமடையில் வயல் வைத்திருக்கும் இளையபெருமாளை உனக்குத் தெரியும், வளர்மதி கல்யாணத்தில் பந்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாரே, அவர்தான். சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகள் வெளியூர். அவருடைய நாற்றங்கால் காய்ந்து வெடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் முறை வர இன்னும் நாள் கிடந்தது. அம்சா விடியற்காலையில் போய் மடையைத் திருப்பி, நாற்று நனைகிற அளவுக்கு விட்டுவிட்டு அடைத்திருக்கிறாள். அன்றைக்கு முறை வீரமுத்துவுடையது. அவன் பார்த்துவிட்டான்.

ஐயனார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். முறை தப்பியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "நாத்து காயிது, மனுசன் ஆஸ்பத்திரில கெடக்காரு. யாருகிட்ட கேட்டுக்கிட்டு நிக்கச் சொல்றீங்க? தப்பே பண்ணல, எதுக்கு மன்னிப்பு?" என்றாள். அவள் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அவளோடு யாரும் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது என்று கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள்.

வளர்மதிக்கு வாந்தி குறைந்திருக்கிறது. நெல்லிக்காய் கேட்டாள், கொடுத்து அனுப்பினேன்.

உன் நலம் எழுது.

வேணி

*

பெரம்பலூர்
6.10.2024

அக்காவுக்கு வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று பாடம் நடத்தவே பிடிக்கவில்லை.

அம்சாக்காவையா? பக்கத்து ஊர்க்காரன் மாட்டுக்குக்கூடத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஆளையா விலக்கி வைத்தார்கள்?

கொஞ்சம் ஆறிய பிறகு யோசித்தேன். முறை என்பதும் சும்மா வந்ததில்லை. அது இல்லாவிட்டால் பலத்தவன் மடையில் உட்கார்ந்துகொள்வான், கடைமடைக்காரன் வாயில் மண்தான். ஆகவே முறையும் அறம்தான். காய்கிற நாற்றைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியாததும் அறம்தான். இரண்டும் கூடி வாழ்வதில்தான் பிறந்திருக்கின்றன. ஒன்றோடு ஒன்று மோதும்போது எது மூத்தது என்று நான் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டி கத்தினால் அதைப் பெறாத குரங்கும் திரும்பிப் பார்க்கிறது, அது வரைக்கும்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு கேள்விக்குப் பதில் எழுது. "போட்டுவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறாய், போட்டது யார்? நீ அவளோடு பேசுகிறாயா, இல்லையா?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

முத்தமிழ்

*

கோரைமேடு
3.11.2024

தங்கைக்கு. சுகம். தீபாவளி நல்லபடியாகக் கழிந்தது. வளர்மதியும் மாப்பிள்ளையும் வந்து போனார்கள்.

அதிரசம் சுட்டேன். வருசா வருசம் முதல் தட்டு சுவரைத் தாண்டி அம்சா வீட்டுக்குத்தான் போகும். அவள் பிட்டுப் பார்த்து "பாகு முத்திப் போச்சுடி" என்று சொன்ன பிறகுதான் எனக்கே வாயில் வைக்கத் தோன்றும். இந்த வருசம் முதல் தட்டு அடுப்படியிலேயே இருந்து எறும்பு ஏறிவிட்டது. அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே காயவில்லை.

நான் மிளகாய் தாளித்தால் அவள் தும்முவது கேட்கிறது. முன்பெல்லாம் தும்மிவிட்டு என்னைத் திட்டுவாள். இப்போது தும்மல் மட்டும் வருகிறது. அதைக் கேட்க முடியாமல் மிளகாயைக் குறைத்துவிட்டேன்.

நம் மாட்டைப் பற்றி உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. தாய் செத்துப்போன கன்றுக்குட்டி ஒன்றை வாங்கி வந்து கட்டினோம். நம் பசு அதை நக்கிக் கொடுத்துப் பால் குடிக்கவிட்டது. போன வருசம் இதே பசுதான் பக்கத்துக் கட்டுத்தறி மாட்டை முட்டி விலா எலும்பை நொறுக்கியது. உன் நோட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவாய்?

ஒன்று கேட்கிறேன். கூட்டம் விரட்டிவிட்ட குரங்கு என்ன ஆகும்? தனியாக இருந்துகொள்ளுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

வேணி

*

பெரம்பலூர்
10.11.2024

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். மழையில் கோயில் மண்டபத்தில் குரங்குகளோடு ஒண்டிக்கொண்டதில் சளி பிடித்து விட்டுவிட்டது.

பசுவை இரண்டு பக்கமும் எழுதுவேன். அதே பசுதான் நக்குகிறது, அதே பசுதான் முட்டுகிறது. மனிதனும் அப்படித்தான் என்று எழுதினால் என் ஆராய்ச்சியைப் பார்க்கிற பேராசிரியர் அடித்துத் திருத்துவார்.

விரட்டப்பட்ட குரங்கைக் கேட்டாய். பெண் குரங்கு பிறந்த கூட்டத்தைவிட்டு அவ்வளவு எளிதில் போகாது. ஓரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் தின்ற பிறகு வந்து மிச்சத்தைப் பொறுக்கும். ரோமம் அழுக்கேறும், பேன் பார்த்துவிட ஆள் இருக்காது. உயிரோடு இருக்கும் அக்கா, ஆனால் அதைப் பார்க்கச் சகிக்காது.

இப்போது என் கேள்வி. உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் "மாமா நலம்" என்று முடித்திருக்கிறாய். அடுத்த இரண்டில் மாட்டுக்கு இடம் இருக்கிறது, கன்றுக்கு இடம் இருக்கிறது, மாமாவைக் காணோம். நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. மாமாவுக்கு உடம்பு ஏதாவது?

முத்தமிழ்

*

கோரைமேடு
24.11.2024

முத்தமிழுக்கு.

மாமாவுக்கு உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது. கட்டுப்பாடு போட்டது அவர்தான். கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "முறைன்னா எல்லாருக்கும் முறைதான். எங்க பக்கத்து வூடுங்கிறதுக்காக விட்டா நாளைக்கு எவன் கேப்பான்?" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. முறை வருவதற்கு முந்திய காலத்தில் இந்த ஊரில் தண்ணீருக்காக மண்வெட்டியால் வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. என் மாமனார் நெற்றியில் அந்த வெட்டுத் தழும்போடுதான் செத்தார். சின்னப் பிள்ளையில் அந்த ரத்தத்தைத் துடைத்தவர் உன் மாமா. அவருக்கு முறை என்பது சாமி மாதிரி.

நீ கேட்ட அடுத்த கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நான் பேசவில்லை. ஒருநாள் சுவர்ப் பக்கம் போனேன். "என் வூட்டுப் பொம்பளையே பேசுனா ஊரு என்னை மதிக்குமா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன். வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது வளர்மதி வடிவில் வேறு சிக்கல் வந்திருக்கிறது. தை மாதம் வளைகாப்பு. சம்பந்தி வீட்டில் இடம் போதாது என்பதால் நம் வீட்டிலேயே வைக்க ஒத்துக்கொண்டார்கள். அவளோ, "அம்சா அத்தை வந்து வளையல் போடாம நான் மணையில உக்கார மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அம்சாவைக் கூப்பிட்டால் ஊர் வராது, அவர் சொல்லும் விழும், தலையும் கவிழும். கூப்பிடாவிட்டால் என் பெண் வெறுங்கையோடு பிள்ளை பெறப் போவாள். அம்சாவும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, அவளை எனக்குத் தெரியும்.

மாமாவும் நானும் சோறு, தண்ணீர் என்பதற்கு மேல் இப்போது பேசுவதில்லை. அதனால்தான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

வேணி

*

பெரம்பலூர்
1.12.2024

அக்காவுக்கு.

ஒருத்தரை ஊர் கூடி விலக்கி வைப்பது சட்டப்படி குற்றம் என்று மாமாவுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் தெரியவைக்கிறேன். திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு நானே போகிறேன். மாமா பெயரையும் எழுதித்தான் கொடுப்பேன். தழும்பு, சாமி என்று நீ அவருக்கு வக்காலத்து வாங்குவதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அவர் கட்டுப்பாடு போட்டார் என்றால், நீ இத்தனை நாளாக அதைக் காத்துக்கொண்டிருக்கிறாய். அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

முத்தமிழ்

*

பெரம்பலூர்
5.1.2025

என் அக்காவுக்கு முத்தமிழின் வணக்கம். நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்?

மார்கழி பிறந்ததிலிருந்து தபால்காரரை வழிமறித்துக் கேட்டாகிவிட்டது. அவர் இப்போது என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்றாய், சொன்னபடியே எடுக்கவில்லை. வளர்மதியிடம் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்கு சித்தி, ஒங்க கடுதாசிய மட்டும் அரிசிப் பானைக்குள்ள போட்டு வெச்சிருக்கு" என்றாள்.

மனு கொடுக்கவில்லை. அரியலூர்வரை போனேன். ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் உட்கார்ந்து "எதிர்மனுதாரர் பேர் சொல்லும்மா" என்று அவர் கேட்டதும் எனக்கு வாய் வரவில்லை. சட்டம் தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் அம்சாக்காவை நானே போய்ப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்காக மனு எழுத உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

கோயில் குரங்குகளில் மூத்தவளைப் பெரியாச்சி என்பேன். போன சனிக்கிழமை, எவரோ வைத்துவிட்டுப் போன வாழைப்பழத்துக்காக அவள் கை கருகிய குரங்கைத் தோளில் கடித்துவிட்டாள். சேர்ந்து நான்கைந்து விரட்டின. கடிபட்டவள் குளத்து மூலைத் தூணில் போய் ஒண்டிக்கொண்டாள். மற்றவை பக்கத்தில் போகவில்லை. ஒவ்வொன்றும் பெரியாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் நான் போனபோது கடிபட்டவள் அதே தூணில் இருந்தாள். பெரியாச்சி மண்டபத்திலிருந்து இறங்கினாள். நேராகப் போகவில்லை. கொஞ்ச தூரம் வந்து உட்கார்ந்து எதையோ பொறுக்குகிற மாதிரி பாவனை செய்தாள், அப்புறம் இன்னும் கொஞ்சம் வந்தாள். கடைசியில் அவள் முன்னால் போய், முதுகைத் திருப்பிக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கடித்தவள்தான் முதலில் வந்தாள், அக்கா. பற்கள் இருக்கும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, பிடரியைக் கொடுத்து உட்கார்ந்தாள். மற்றவள் வெகுநேரம் தொடவில்லை. அப்புறம் இருக்கிற ஒரு கையால் மெல்லப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. நான் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதேன். பூக்கடைக்காரம்மா என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்து ஒரு முழம் மல்லிகை கொடுத்தார்கள்.

போன கடிதத்தில் உன்னைக் கடித்தது நான். நீ அந்த வீட்டுக்குள் இருக்கிறாய், நான் குடைக்கடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். இது என் முதுகு. நீ பார்த்தால் பார், ஒரு குட்டு வைத்தாலும் வை.

உன் தங்கை
முத்தமிழ்

*

கோரைமேடு
21.1.2025

அன்புத் தங்கை முத்தமிழுக்கு அக்கா வேணி எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். குட்டு நேரில் வைக்கிறேன், தபாலில் அனுப்ப வசதி இல்லை.

உன் டிசம்பர்க் கடிதம் என்னை மூன்று நாள் சாப்பிடவிடவில்லை. நீ எழுதியது பொய்யாக இருந்திருந்தால் அன்றைக்கே பதில் எழுதித் திட்டியிருப்பேன். உண்மையாக இருந்ததால்தான் அரிசிப் பானைக்குள் போட்டேன்.

அடுத்த கடிதம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. பெரியாச்சி கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வீட்டில் கடித்தது யார் என்று எனக்குத் தெரியும். அவர் போகமாட்டார். ஆனால் கடித்த வாயும் நானும் ஒரே அடுப்பில்தான் சாப்பிடுகிறோம். நீ கேட்டாயே, அவருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று. வித்தியாசம் இல்லை. அப்படியானால் நான் போனாலும் அவர் போன மாதிரிதான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், வெயில் ஏறுகிற நேரம், முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தெரு வழியாகவே போனேன். கொல்லை வழியாகப் போயிருக்கலாம். தெரு பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். அம்சா வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டேன்.

மொச்சை உரிக்கிற சத்தம் நின்றது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு உயிரே போன மாதிரி இருந்தது. எதிர்வீட்டில் வீரமுத்து பெண்டாட்டி கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். எழுந்து வரலாமா என்று நினைத்தேன். குரங்கே உட்கார்ந்திருந்ததே, நாம் உட்கார முடியாதா என்று உட்கார்ந்திருந்தேன்.

அவள் பேன்சீப்போடு திரும்பி வந்தாள். முத்தமிழ், அவள் சீவிய சீவலில் மண்டைத்தோல் உரிந்துவிட்டது. அத்தனை நாள் கோபத்தையும் சீப்பில்தான் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, நான் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"தலையில இத்தன பேன வெச்சிக்கிட்டு என்னடி ஊருக்கு நாயம் சொல்றீங்க?"

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. என் கழுத்திலும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது.

அந்த நேரம் பார்த்து உன் மாமா வயலிலிருந்து வந்தார். தெருவே பார்த்தது. நான் எழுந்திருக்கவில்லை. அம்சாவும் கையை எடுக்கவில்லை. அவர் நின்றார். அப்புறம் வந்த வழியே திரும்பி, கடைமடைப் பக்கம் போய்விட்டார்.

இளையபெருமாள் ஊன்றுகோலோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாராம். வயல் பழுத்துத் தலை சாய்ந்து நிற்கிறது. எல்லாம் அன்றைக்கு நனைந்த நாற்றுதான். "முத்துவேலு, அந்தப் புள்ள தண்ணி விடலன்னா நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்து வெறும் மண்ணத்தான் பாத்திருப்பேன்" என்று உன் மாமாவிடம் சொன்னாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, இளையபெருமாள்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஐயனார் கோயிலில் கூட்டம். அவராகவே கூட்டினார். "கேக்காம மடையத் தொறந்தது தப்பு. ஆனா, நாத்து காயிது, ஆளு இல்லன்னா யாருகிட்ட போயிக் கேக்கணும்னு நம்ம முறையில ஒரு வழியே இல்ல. அது என் தப்பு. முறையப் பாக்குறவன் நான்தான்" என்றார். எல்லார் முன்னாலும் அம்சாவைப் பார்த்து, "கட்டுப்பாட்ட நான்தான் போட்டேன், நானே எடுத்துக்கிறேன் தங்கச்சி" என்றார்.

அதற்கப்புறம்தான் அம்சா எழுந்தாள். "கேட்டுட்டுத் தொறந்துருக்கணும்ணே. அது மட்டும் என் தப்புத்தான்" என்றாள். நான்கு மாதமாக ஊரே சேர்ந்து கேட்டும் வராத வார்த்தை. நாற்று காய்ந்தால் யார் முறையாக இருந்தாலும் அவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தண்ணீர் விடலாம் என்று இனிமேல் வழக்கம். வீரமுத்து மட்டும் இன்னும் முணுமுணுத்துக்கொண்டு திரிகிறான். அவன் பெண்டாட்டி நேற்று வந்து, வளைகாப்புக்கு என்ன கலந்த சாதம் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வருகிற ஞாயிறு வளைகாப்பு. அம்சா திருமானூர் போய்ப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து என் பீரோவில் வைக்காமல் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறாள். முதல் வளையல் அவள்தான் போடுவாளாம், அதிலும் என்னை நம்பவில்லை. நீ சனிக்கிழமையே வந்துவிடு. குரங்குகள் ஒரு வாரம் உன்னை விட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

நேற்று சாப்பிடும்போது உன் மாமா, "ஒனக்கு எப்படி வேணி அப்படிப் போயி உக்காரத் தோணுச்சு?" என்று கேட்டார். முத்தமிழுடைய குரங்கு சொல்லிக் கொடுத்தது என்றேன். உன் கடிதத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். சோற்றில் கையை வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். அப்புறம், "அந்தக் கெழவிக் கொரங்குக்கு முத்தமிழுகிட்ட ஒரு சீப்பு வாழப்பழம் குடுத்து விடணும்" என்று சொல்லிச் சிரித்தார். ஆவணிக்குப் பிறகு அவர் சிரித்து நேற்றுத்தான் பார்த்தேன். குழம்பில் மிளகாய் தூக்கலாக இருக்கிறது என்று வேறு சொன்னார், சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் அதையே சொல்லித் திட்டு வந்தது.

மாமா நலம்.

அக்கா வேணி